பாவித்த டப் வாங்கும்போது நாம் விடுகிற பிழைகள்

ஒட்டுசுட்டான் பக்கம் வீடு வீடாகப் பால் எடுக்கிற ஒரு தம்பி போன வருடம் என்னிடம் ஒரு டப் (டப்லெற் கணினி) கொண்டு வந்தார். எட்டு அங்குலம், ஒரு கீறல்கூட இல்லை. 'றீஃபர்பிஷ்ட், புதுசு மாதிரி' என்று சொல்லிக் கடையில் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. அப்புறம் அடிக்கடி ஸ்ரக் ஆகத் தொடங்க, யாரோ சொன்னதைக் கேட்டு முழுவதையும் அழித்து றீசெட் பண்ணிவிட்டார். திரும்ப எழும்பிய டப், இணையம் கிடைத்த உடனே ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் பெயரைக் காட்டி, அந்தக் கம்பனிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிட்டது.

"அண்ணை, இதைத் திறக்க ஏலுமே?"

ஏலாது. அந்தக் கணக்கு அவருடையதும் இல்லை, விற்ற கடைக்காரருடையதும் இல்லை. இரண்டு மாதப் பால் கணக்கும் றீசெட்டோடு போயிருந்தது.

கிளிநொச்சியில் களத்தரவு சேகரிக்கிற வேலையில் இருப்பதால் இப்படியான டப்புகள் என் மேசைக்கு அடிக்கடி வரும். உடைந்து வருகிறவற்றைவிட, வாங்கிய அன்றைக்கே பிழையாக இருந்தவைதான் கூட.

அந்தத் தம்பிக்கு நடந்தது என்னவென்றால், வெளிநாட்டுக் கம்பனிகளும் பள்ளிக்கூடங்களும் சில வருடம் பாவித்துவிட்டு டப்புகளை மொத்தமாகக் கழிக்கும்போது அவைதான் பெருமளவில் இந்தச் சந்தைக்கு வருகின்றன. அந்தக் கம்பனி தன் நிர்வாக சேவரிலிருந்து டப்பின் தொடர் இலக்கத்தை நீக்காமல் விட்டிருந்தால், எத்தனை தரம் அழித்தாலும் இணையம் பட்டவுடன் பூட்டு திரும்ப வரும். இணையம் கொடுக்காமல் செற்அப் பண்ணினால் சில டப்புகளில் பூட்டு வெளியே தெரியாது. அப்படித்தான் அது கடை மேசையில் 'புதுசு மாதிரி' இருக்கும், அடுத்த றீசெட் வரைக்கும்.

இன்னொரு பூட்டு முந்தைய உரிமையாளரின் கணக்கு. 2013இல் ஐஓஎஸ் 7 வந்ததிலிருந்து ஐபேட்டிலும், 2015இல் ஆண்ட்ராய்ட் 5.1 வந்ததிலிருந்து மற்ற டப்புகளிலும் இது இருக்கிறது. திருட்டைத் தடுக்கச் செய்தது. நல்ல விடயம்தான், ஆனால் கணக்கை எடுக்காமல் விற்றால் வாங்குகிறவர் மாட்டிக்கொள்வார்.

ஆகவே காசைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, ஒருக்கா என்ர கண்ணுக்கு முன்னால றீசெட் பண்ணிக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். றீசெட் முடிந்ததும் உங்கள் போனின் ஹொட்ஸ்பொட்டைக் கொடுத்து, உங்கள் கணக்கைப் போட்டு, முகப்புத் திரை வரும் வரைக்கும் நில்லுங்கள். அரை மணித்தியாலம் போகும். அதற்கு நேரமில்லை என்கிற கடையில் வாங்காதீர்கள். நான் சொல்லுகிற எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

சரி, எந்த டப்? இங்கே பலர் விலையை முதலில் பார்த்துவிட்டு வேலையைப் பிறகு யோசிக்கிறார்கள். களத்தரவு எடுக்கிறவர்கள் பாவிக்கிற கோபோகலெக்ட், ஓடிகே கலெக்ட் என்ற படிவம் நிரப்புகிற செயலிகள் இரண்டும் ஆண்ட்ராய்டில் மட்டும்தான் ஓடும். நல்ல விலைக்கு ஐபேட் கிடைத்தது என்று வாங்கி வந்துவிட்டு, அந்தச் செயலியைத் தேடித் தேடிக் களைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஐபேட்டில் உலாவி வழியாகப் படிவம் நிரப்பலாம், ஆனால் அது செயலிக்கு ஈடாகாது. இன்னொன்று, வைஃபை மட்டும் உள்ள ஐபேட்டில் ஜிபிஎஸ் சிப் இல்லை. முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் ஒரு வயலின் எல்லையைச் சுற்றி நடந்து குறிக்க வேண்டிய ஆளுக்கு அது உதவாது.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சொந்தக்காரர் ஆசையாய்க் கொண்டு வந்து தருகிற அமேசன் ஃபயர் டப்பும் இதே கதைதான். அதில் கூகுள் பிளே ஸ்ரோர் இல்லாமலே வரும். பிள்ளைகள் படம் பார்க்க நல்லது, அலுவலக வேலைக்கு அதை நம்பி இறங்க வேண்டாம்.

வயதையும் பாருங்கள். 2015இல் வந்த ஐபேட் மினி 4க்குப் புதிய இயங்குதளப் பதிப்பு வருவது ஐபேட்ஓஎஸ் 15ஓடு நின்றுவிட்டது. 2019இல் வந்த சாம்சங் டப் ஏ 8.0 இரண்டு ஜிபி ராமோடு வந்து ஆண்ட்ராய்ட் 11ஓடு நின்றுவிட்டது. கடையில் வேகமாகத்தான் தெரியும். வங்கிச் செயலி, வரைபடம், வட்ஸ்அப் மூன்றையும் ஒன்றாகத் திறந்தால் மூச்சு வாங்கும். நாலு ஜிபி ராமுக்குக் குறைவாக வேலைக்கு எடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பெயர் தெரியாத டப் ஒன்று பன்னிரண்டு ஜிபி ராம், 512 ஜிபி கொள்ளளவு என்று அரை விலைக்குக் கிடைத்தால், செற்றிங்ஸில் காட்டுகிற அந்த எண்ணே பொய்யாக இருக்கலாம். பிளே ஸ்ரோர் செற்றிங்ஸில் 'எபௌட்' பகுதிக்குப் போனால், கருவி கூகுளின் சான்று பெற்றதா இல்லையா என்று ஒரு வரி இருக்கும். சான்று இல்லை என்றால் அப்படியே திருப்பிக் கொடுங்கள்.

சிம் விடயத்தில் ஏமாறுவது சுலபம், ஏனென்றால் ஒரே டப் இரண்டு வகையில் வரும். சாம்சங் டப் ஏ7 லைட்டில் ரி220 என்றால் வைஃபை மட்டும், ரி225 என்றால் சிம் போடலாம். வெளியே பார்த்தால் ஏறக்குறைய ஒரே மாதிரி. பின்பக்கத்து மாதிரி இலக்கத்தை வாசியுங்கள். வைஃபை டப்பை வாங்கிவிட்டுப் போனில் ஹொட்ஸ்பொட் போட்டு ஓட்டலாம்தான், ஆனால் துணுக்காய்ப் பக்கம் ஒரு பகல் முழுக்கச் சுற்றுகிறவருக்கு இரண்டு பற்றரியும் ஒன்றாக இறங்கும்.

சிம் போடுகிற டப் என்றால் ஐ.எம்.ஈ.ஐ இலக்கம், அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள இலக்கம், இருக்கும். *#06# அடித்தோ செற்றிங்ஸிலோ பார்க்கலாம். குறுஞ்செய்தியில் ஆங்கிலத்தில் ஐ.எம்.ஈ.ஐ என்ற நாலு எழுத்தையும் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு அனுப்பினால், அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். பதிவில்லாததை வாங்க வேண்டாம். வேறொரு நாட்டு வலையமைப்புக்குப் பூட்டிய டப்புகளும், நம்முடைய 4ஜிக்கு முக்கியமான 1800 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையைப் பிடிக்காத டப்புகளும் வருவதால், உங்கள் சொந்த சிம்மையே போட்டு ஒரு வீடியோ ஓட்டிப் பாருங்கள். கடைக்காரரின் சிம் எடுத்தது என்பதற்காக நீங்கள் வேலை செய்கிற ஊரில் உங்கள் சிம் எடுக்கும் என்று சொல்ல முடியாது.

பற்றரிக்கு நம்முடைய வெயில் சத்துரு. மோட்டார் சைக்கிள் பையில் வைத்துக்கொண்டு நண்பகலில் ஓடுவதும், வெயிலில் வைத்தே பவர்பாங்கில் சார்ஜ் ஏற்றுவதும் பழைய லித்தியம் பற்றரியைச் சீக்கிரம் கெடுக்கும். உள்ளே வாயு சேர்ந்து அது ஊதும். ஊதத் தொடங்கியதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். கடையின் கண்ணாடி மேசையில் டப்பைத் திரை மேலே இருக்கும்படி வைத்து, ஒரு மூலையில் விரலால் மெல்லத் தட்டுங்கள். மற்ற மூலை ஆடினாலோ டப் சுழன்றாலோ முதுகு ஊதியிருக்கலாம். பிறகு குனிந்து விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். திரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு நகம் போகிற இடைவெளி இருந்தால் அதை எடுக்கவே வேண்டாம். ஏற்கெனவே கையில் இருக்கிற டப் அப்படி ஆகிவிட்டால் அழுத்திச் சரிபண்ணப் பார்க்காதீர்கள், சார்ஜிலும் போடாதீர்கள். தீப்பிடிக்கும்.

ஊதாத பற்றரியும் களைத்திருக்கலாம். நூறு வீதம் சார்ஜோடு வெளிச்சத்தைக் கூட்டி, றீசெட்டுக்குக் காத்திருந்த மாதிரியே இன்னொரு அரை மணித்தியாலம் வீடியோ ஓட விடுங்கள். பதினைந்து, இருபது வீதம் இறங்கினால் அது ஒரு நாள் வேலைக்குத் தாங்காது. அதிகமான டப்புகளில் பற்றரியை ஒட்டியே வைத்திருப்பார்கள், மாற்றுவது கடை வேலை. இதனால்தான் சாம்சங் டப் அக்டிவ்3 பாவித்ததாகக் கிடைத்தால் கொஞ்சம் விலை கூடினாலும் எடுங்கள் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். 2020இல் வந்தது, எட்டு அங்குலம், தண்ணீரும் புழுதியும் தாங்கும்படி செய்தது. 5050 மில்லி அம்பியர் மணி பற்றரியைப் பின்மூடியைக் கழற்றி நாமே மாற்றலாம். மாங்குளத்துக்கு அங்கால் செம்மண் புழுதியில் ஓடுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கடைக்குள் குளிரூட்டிக்குக் கீழே எல்லாத் திரையும் அழகுதான். ஒருக்கா வெளியே கொண்டுபோய் வெயிலில் நின்று ஒரு படிவத்தை வாசித்துப் பாருங்கள். கமராவால் ஓர் ஆவணத்தையும் படம் எடுத்து எழுத்து தெளிவா என்று பாருங்கள். சார்ஜ் துவாரத்தில் வயரைக் குத்தி மெல்ல ஆட்டிப் பாருங்கள். துண்டித்துத் துண்டித்து ஏறினால் துவாரம் தேய்ந்துவிட்டது.

கொழும்பில் மலிவு என்று படத்தைப் பார்த்துக் காசு போட்டு பஸ்ஸில் பார்சலாக எடுப்பவர்கள், மேலே சொன்ன ஒன்றையும் செய்ய முடியாது என்பதை யோசிக்க வேண்டும். பிழை என்றால் முன்னூறு கிலோமீற்றருக்கு மேல் திரும்ப அனுப்ப வேண்டும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ நேரில் போய் வாங்கினால் ஐயாயிரம் கூடினாலும் பரவாயில்லை. எங்கே வாங்கினாலும் பில் கேளுங்கள். அதில் மாதிரி இலக்கம், தொடர் இலக்கம், உத்தரவாதக் காலம், பூட்டு வந்தால் காசு திருப்பித் தரப்படும் என்ற ஒரு வரி, இவ்வளவும் இருக்க வேண்டும். கேட்டால் பில் கொடுப்பது விற்பனையாளரின் சட்டக் கடமை. கொடுக்க மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம்.

அந்தத் தம்பி பிறகு பரந்தனிலிருந்து ஒரு மச்சானையும் கூட்டிக்கொண்டு போய், கடைவாசல் வேம்புக்குக் கீழே நின்று ஒரு மணித்தியாலம் பார்த்துத்தான் வேறு டப் எடுத்தார். பூட்டு விழுந்ததை வேறு யாருக்கும் தள்ளிவிடவில்லை. நீங்கள் பழையதைக் கொடுத்துப் புதியதை மாற்றுவதாக இருந்தால், முதலில் உங்கள் கணக்கை அதிலிருந்து நீக்கிவிட்டு, பிறகு றீசெட் பண்ணிக் கொடுங்கள். பால் கொடுக்கிற ஆட்களின் பெயரும் வங்கிக் கணக்கு இலக்கமும் அதற்குள்தான் இருக்கின்றன.