ஒயின், பியர் டேஸ்டிங்: முதலில் துவர்ப்பைப் பிடியுங்கள்

டேஸ்டிங்குக்கு (பல ஒயின், பியர் வகைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவைத்துப் பார்க்கும் நிகழ்ச்சிக்கு) முதன்முறை போகிறவர்களைத் திணறடிப்பது மணம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் "செர்ரி வருது, வெனிலா வருது" என்று சொன்னால் மிரள வேண்டாம், அது பழகப் பழக வரும். புளிப்பு, கசப்பு, துவர்ப்பு மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் உண்மையான சிக்கல். அது தெளியாதவரை ஒன்று ஏன் பிடித்தது, அடுத்தது ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லவே வராது.

வீட்டுப் பயிற்சி (கால் மணி நேரம்)

மூன்று கிளாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் 200 மி.லி. தண்ணீரும் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறும். இரண்டாவதில் பால், சர்க்கரை இல்லாத ஆறிய கடுங்காப்பி. மூன்றாவதில் 200 மி.லி. வெந்நீரில் ஒரு டீ பேக்கைப் பத்து நிமிடம் ஊறவிட்டு ஆறவைத்த டீ.

ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு. ஐந்து நொடி வாயில் வைத்து விழுங்குங்கள். விழுங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். எலுமிச்சைக்குக் கன்னத்தின் உட்புறம் எச்சில் ஊறும். காப்பியின் கசப்பு அடித்தொண்டையில் தங்கி நிற்கும். டீ குடித்ததும் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டும், ஈறு வறளும். டீயில் கசப்பும் கொஞ்சம் கலந்திருப்பதால் இங்கேதான் குழப்பம் வரும். நாக்கால் மேல்பல்லின் முன்புற ஈறைத் தடவிப் பாருங்கள். வழுவழுப்புப் போய்ச் சொரசொரப்பாக இருந்தால் அது துவர்ப்பு. டீயிலும் திராட்சைத் தோலிலும் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலில் உள்ள புரதங்களோடு பிணைந்து எச்சிலின் வழுக்கும் தன்மையைக் குறைத்துவிடுகிறது. ஆக இது பாதிக்கு மேல் தொடு உணர்வு. அறுசுவையில் ஒன்றாக இதற்குத் தனிப் பெயர் வைத்திருக்கும் மொழி நம்முடையது. குறிப்பெழுதும்போது தயங்காமல் "துவர்ப்பு" என்றே எழுதுங்கள்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு குழப்பம்: ஒயின்காரர்கள் "டிரை" என்றால் இனிப்பில்லாதது என்று பொருள், வாயை வறட்டுவது என்று அல்ல. பழ மணத்தை இனிப்பு என்று எண்ணுவதும் சகஜம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மிடறு குடியுங்கள். அப்போதும் இனித்தால்தான் அதில் சர்க்கரை இருக்கிறது.

கிளாஸ்

கடையில் எத்தனையோ வடிவம் கிடைக்கும். ஆரம்பத்துக்கு ஐ.எஸ்.ஓ. (சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு) அளவில் செய்த டேஸ்டிங் கிளாஸ் ஒன்றே போதும்: மொத்தக் கொள்ளளவு சுமார் 215 மி.லி., ஊற்றுவது 50 மி.லி. வாய் குறுகலாக இருப்பதால் மணம் உள்ளேயே தங்கும். பியருக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம். பியர் ஊற்றியதும் கிளாஸின் உட்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை. எண்ணெய்ப் பசை நுரையையும் கெடுக்கும். தயங்காமல் வேறு கிளாஸ் கேளுங்கள்.

வரிசை

லேசானதிலிருந்து கனமானதுக்கு. ஒயினில் ஸ்பார்க்லிங் (குமிழி பொங்குவது), வெள்ளை, ரோஸே (இளஞ்சிவப்பு), சிவப்பு, கடைசியில் இனிப்பு. பியரில் லாகர் (குளிரில் நொதித்தது), வீட் பியர் (கோதுமை பியர்), பேல் ஏல் (வெளிர் நிற ஏல்; ஏல் என்பது லாகரைவிடக் கூடுதல் வெப்பத்தில் நொதித்த பியர்), ஸ்டவுட் (கருநிற ஏல்), கடைசியில் கசப்பு மிகுந்த ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்). கசப்பும் துவர்ப்பும் மிடறுக்கு மிடறு சேர்ந்துகொண்டே போகும். முதலிலேயே ஐ.பி.ஏ. குடித்தால் அடுத்து வரும் லாகர் வெறும் தண்ணீராகத் தெரியும். இடையிடையே சாதாரணத் தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கட்டும் போதும். பல் துலக்கிய உடனே போகாதீர்கள். பேஸ்ட்டில் உள்ள நுரைப்பொருள் இனிப்பை மழுக்கிக் கசப்பைக் கூட்டும். சென்ட் போட்டுக்கொண்டும் போகாதீர்கள், பக்கத்து மேசைக்காரரின் மூக்கையும் சேர்த்துக் கெடுக்கும்.

குடிக்கும் முறை

கிளாஸை மேசையில் வைத்தபடியே அடியைப் பிடித்து மூன்று சுற்று சுற்றுங்கள். குட்டிக் குட்டியாக முகருங்கள், ஒரே மூச்சாக இழுத்தால் மூக்கு சீக்கிரம் மரத்துவிடும். பிறகு ஒரு மிடறு, வாய் முழுக்கப் பரவவிட்டு, மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். பாதி மணம் அந்த வழியில்தான் வரும். கிளாஸ் சுவரில் வழியும் கோடுகளைப் பார்த்துத் தரத்தைக் கணிக்காதீர்கள், அவை முக்கியமாக ஆல்கஹாலின் வேலை.

ஆறு ஒயின், ஒவ்வொன்றும் 50 மி.லி., 13% என்றால் மொத்தம் சுமார் 31 கிராம் ஆல்கஹால். அதைக் கழிக்க உடலுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் ஒயினைத் துப்புங்கள், அதற்கென்றே குவளை வைத்திருப்பார்கள். பியரின் கசப்பு தொண்டையில்தான் முழுதாகத் தெரியும் என்பதால் அதைக் கொஞ்சமாவது விழுங்க வேண்டியிருக்கும். துப்பினாலும் சரி, விழுங்கினாலும் சரி, அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது.

கெட்டுப்போனதை அறிவது

ஒயினில் நனைந்த அட்டை வாடை வந்தால் அது கார்க் கெடுதல். டி.சி.ஏ. என்ற சேர்மத்தின் வேலை, லிட்டருக்குச் சில நானோகிராமே போதும். சிறிது நேரத்தில் மூக்கு பழகிவிடும் என்பதால் முதல் முகர்விலேயே சொல்லிவிடுங்கள். பச்சை அல்லது நிறமற்ற பாட்டில் பியரில் கந்தகம் போன்ற நாற்றம் வந்தால் வெளிச்சம் பட்டிருக்கிறது. பியருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் ஒளியில் சிதைந்து உண்டாவது அது. பழுப்பு பாட்டிலும் கேனும் அதைத் தடுக்கும். லாகரில் வெண்ணெய் மணம் வந்தால் அது டயாசெட்டில், நொதித்தலில் உண்டாகும் ஒரு சேர்மம். பியரில் டீ மாதிரித் துவர்த்தால், ஊறவைத்த மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லியை) மிகச் சூடான நீரில் அலசி உமியின் டானினையும் இறக்கிவிட்டிருக்கலாம். வீட்டுப் பயிற்சி இங்கே கைகொடுக்கும்.

பின்சேர்க்கை: "எனக்கு ஒரு மணமும் வரவில்லை"

பெரும்பாலும் குளிர்ச்சிதான் காரணம். லாகர் 4–7, ஏல் 8–12, வெள்ளை ஒயின் 8–12, சிவப்பு 15–18 டிகிரி செல்சியஸ். கிளாஸை இரு உள்ளங்கையிலும் பொத்தி ஐந்து நிமிடம் கழித்து முகருங்கள்.

பின்சேர்க்கை 2: "லேபிளைப் பார்த்ததும் மனசு சாய்கிறது"

எல்லோருக்கும் சாயும். 2001இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், சிவப்பு நிறம் கலந்த வெள்ளை ஒயினை 54 பேர் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். முக்கோணச் சோதனை செய்து பாருங்கள்: மூன்று கிளாஸில் இரண்டு ஒன்றே, ஒன்று வேறு. இன்னொருவர் ஊற்ற வேண்டும், எது எதில் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. ஆறு முறையில் ஐந்து முறை வேறானதைக் கண்டுபிடித்தால் நீங்கள் உண்மையிலேயே வித்தியாசத்தை உணர்கிறீர்கள். நான்கு என்றால் குருட்டு அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம், இன்னொரு நாள் திரும்பச் செய்யுங்கள்.