நின்றுபோன ஃபிலிமோடு வெளிநாட்டுப் பயணம்: தேடுவதும் சுற்றுவதும் கழுவுவதும்

பழைய கேமரா ஒன்று கைக்கு வந்தவுடன் எழும் முதல் கேள்வி, "இதுக்கு ஃபிலிம் இன்னும் கிடைக்குமா?" என்பதுதான். அந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஃபிலிமின் அளவு ஒன்று, அதைக் கழுவும் ரசாயனம் இன்னொன்று. கடைகளிலிருந்து மறைந்தவற்றில் பலவற்றுக்கு அளவு மட்டும்தான் நின்றுபோனது. ரசாயனம் இன்றும் லேப்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. இது மனதில் பதிந்துவிட்டால் தெரியாத ஊரில் கடை கடையாக ஏறி இறங்கும் அலைச்சல் பாதியாகக் குறையும்.

படி 1: பின்மூடியைத் திறந்து எண்ணைப் பாருங்கள்

பெரும்பாலும் உள்பக்கத்திலேயே எண் அச்சாகியிருக்கும். 620 என்றிருந்தால் நல்ல காலம். கோடாக் 1995-இல் அதை நிறுத்திவிட்டது. ஆனால் உள்ளே இருக்கும் ஃபிலிம் இன்றும் விற்பனையில் உள்ள 120-தான். அதைச் சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் மட்டும் மெல்லியது. 127-ம் அதே ஆண்டு கோடாக்கிடமிருந்து விடைபெற்றது. அதன் அகலம் 46 மி.மீ.; ஜப்பானின் ரெராபான் போன்ற சிறு தயாரிப்புகளாகத் தலைகாட்டியிருக்கிறது. 110 கேட்ரிட்ஜை லோமோகிராபி நிறுவனம் 2012-இல் மறுபடி கொண்டுவந்தது. சிறு கேஸட்டில் வந்த ஏ.பி.எஸ். ஃபிலிம் 2011-இல் நின்றது, 126 என்ற பழைய கேட்ரிட்ஜைப் போலவே இதுவும் காலாவதிச் சரக்காகத்தான் கைக்கு வரும்.

220 ரோல் கிடைத்தால் ஒரு எச்சரிக்கை: அதில் ஃபிலிமுக்குப் பின்னால் காகிதம் கிடையாது. முதுகில் படத்தின் எண்ணைப் பார்க்கச் சிவப்பு ஜன்னல் உள்ள கேமராவில் போட்டால் வெளிச்சம் நேராக ஃபிலிமில் விழும்.

முதல்முறை இறங்குகிறவருக்கு நான் கைகாட்டுவது 620 கேமராவைத்தான். தோற்றாலும் ஒரு 120 ரோலோடு போகும்.

படி 2: கிளம்புவதற்கு முன்பே தேடுங்கள்

போகும் நாட்டின் மொழியில் தேடுங்கள். ஜப்பானில் 120 ஃபிலிமை 'புரோனி' என்பார்கள். ஜெர்மனியில் அது 'ரோல்ஃபில்ம்'. 110 என்பது 'பாக்கெட்ஃபில்ம்'. காலாவதியான ஃபிலிமை பிரான்ஸில் 'பெரிமே' என்றும், ஸ்பெயினில் 'கதுகாதோ' என்றும் கேட்டால் கடைக்காரர் எந்தப் பெட்டியை எடுக்க வேண்டும் என்று புரிந்துகொள்வார்.

பழைய ரோலை வாங்கும்போது தேதியைவிட முக்கியம், அது எங்கே கிடந்தது என்பது. குளிர்பெட்டியில் இருந்ததா, வெயில் படும் அலமாரியிலா என்று கேளுங்கள். கருப்பு வெள்ளை ஃபிலிம் வண்ண ஃபிலிமைவிட நன்றாகத் தாங்கும்; ஐ.எஸ்.ஓ. எனும் ஒளி உணர்திறன் எண் குறைந்தது கூடியதைவிடத் தாங்கும். காலாவதியாகி பத்து ஆண்டுக்கு ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம், அதாவது இருமடங்கு, கொடுப்பது பலரும் கைக்கொள்ளும் கணக்கு.

ஏ.பி.எஸ். கேஸட்டின் அடியில் நான்கு குறிகள் இருக்கும். முழு வட்டம் வெண்மையாகத் தெரிந்தால் புதுசு, அரைவட்டம் என்றால் பாதி எடுத்தது, பெருக்கல் குறி என்றால் எடுத்து முடித்தது, செவ்வகம் என்றால் கழுவியாகிவிட்டது. இது தெரியாமல் யாரோ எடுத்து முடித்ததைக் காசு கொடுத்து வாங்கிவிடாதீர்கள்.

ரசாயனமே இறந்துபோன ஃபிலிம்களும் உண்டு. கோடாக்கின் பழைய வண்ண ஸ்லைடு ஃபிலிமான கோடாக்ரோமை அமெரிக்காவின் பார்சன்ஸ் நகரிலிருந்த கடைசி லேப் 2010 டிசம்பர் 30 வரைதான் வாங்கியது. இனி அதைக் கருப்பு வெள்ளையாக மட்டுமே கழுவ முடியும். வண்ணத்தை எதிர்பார்த்துப் படம் எடுக்காதீர்கள்.

படி 3: 120-ஐ 620 ஸ்பூலுக்கு மாற்றுங்கள்

இதற்கு ஒரு காலி 120 ஸ்பூல், இரண்டு 620 ஸ்பூல், கையை விட்டு வேலை செய்யும் வெளிச்சம் புகாத பையான ஒரு சேஞ்சிங் பேக் வேண்டும். 620 ஸ்பூலில் ஒன்று ஃபிலிமுக்கு, மற்றொன்று கேமராவுக்குள் எதிர்ப்பக்கம் இருக்க.

கையைப் பைக்குள் விட்டதும் ஒட்டுச்சீட்டைப் பிரித்து, காகிதத்தின் முனையைக் காலி 120 ஸ்பூலில் செருகிச் சுற்றுங்கள். கொஞ்ச நேரம் வெறும் காகிதம்தான் வரும். பிறகு விரல் நுனியில் ஒரு மேடு தட்டும். அதுதான் ஃபிலிமின் தொடக்கம். அங்கே டேப் ஒட்டியிருக்கும். தொடர்ந்து சுற்றி முடித்தால் எல்லாம் தலைகீழாக இருக்கும். இப்போது மறுமுனையிலிருந்து 620 ஸ்பூலுக்குச் சுற்ற வேண்டும். ஃபிலிமின் ஒட்டாத வால் முதலில் வரும்; அதைக் காகிதத்தோடு சேர்த்துப் பிடித்து, இறுக்கம் தளராமல் உருட்டுங்கள்.

கடைசியில் டேப் இருக்கும் இடத்தில் ஃபிலிம் குமிழ்போல வீங்கி நிற்கும். சுற்று மாறியதால் ஃபிலிமின் நீளம் காகிதத்தோடு பொருந்தாது. அந்த டேப்பை மெல்ல உரித்து, ஃபிலிமைத் தட்டையாகத் தடவிவிட்டு மறுபடி ஒட்டுங்கள். நான் முதல்முறை இதைப் பொருட்படுத்தாமல் விட்டேன். ஃபிலிம் மடிந்து, கேமரா நடுவிலேயே சிக்கிக்கொண்டது. இரண்டு கையும் பைக்குள் வியர்த்தால் ஃபிலிமில் ஈரம் ஒட்டும், அதனால் அவசரப்படாதீர்கள். வீணான ரோல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பத்து முறையாவது பழகிவிட்டு இருட்டுக்குப் போங்கள்.

சிவப்பு ஜன்னல், பழைய காலத்துக் குறைந்த உணர்திறன் ஃபிலிமுக்காக வைத்தது. எண் பார்க்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கருப்பு டேப்பால் மூடி வையுங்கள்.

படி 4: விமான நிலையம்

ஃபிலிமை செக்-இன் பெட்டியில் ஒருபோதும் போடாதீர்கள். அங்கே ஸ்கேனர் வலுவானது. கைப்பையிலும் இப்போது பல நிலையங்களில் சி.டி. ஸ்கேனர் எனும் வலுவான எக்ஸ்ரே மெஷின் வந்துவிட்டது. அதில் ஒரு தடவை போனாலே ஃபிலிம் மங்கலாம். ரோல்களை டப்பாவிலிருந்து எடுத்து, ஒளி ஊடுருவும் பையில் போட்டு, கையால் பார்க்கும்படி பணிவாகக் கேளுங்கள். சில இடங்களில் மறுப்பார்கள். அதனால்தான் எடுத்த ரோலை அங்கேயே கழுவிவிடுவது நல்லது என்கிறேன்.

படி 5: கழுவுவது

வண்ண நெகட்டிவ் என்றால் எந்த அளவாக இருந்தாலும் பெரும்பாலும் சி-41 என்ற கழுவும் முறைதான். ஆனால் லேப் மெஷினும் ஸ்கேனர் பிடிப்பானும் எல்லா அகலத்தையும் ஏற்காது. எனவே "620 கழுவுவீர்களா?" என்று கேட்காமல் "120 அகல ஃபிலிம், 620 ஸ்பூலில் இருக்கிறது" என்று சொல்லுங்கள். ஸ்பூலைத் திருப்பித் தரும்படி கவரிலேயே பெரிதாக எழுதுங்கள். ஒரு பயணத்தில் நான் சொல்லாமல் விட்டதால் லேப்பில் ஸ்பூலைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். மிச்சப் பயணம் முழுவதும் அந்தக் கேமரா சும்மாவே தொங்கியது.

கருப்பு வெள்ளை என்றால் தங்கும் அறைக் குளியலறையே போதும். வெளிச்சம் புகாத கழுவும் டப்பாவான பேட்டர்சன் டேங்கின் ரீல் 35 மி.மீ., 127, 120 மூன்றுக்கும் அகலம் மாற்றிக்கொள்ளும். படத்தை வெளிக்கொணரும் ரசாயனமான டெவலப்பரைத் தூக்கிச் சுமக்க வேண்டாம், காபியிலேயே கழுவலாம். இதைக் 'காஃபெனால்' என்பார்கள். வேலை செய்வது காபியிலுள்ள காஃபிக் அமிலம், காஃபீன் அல்ல. மலிவான இன்ஸ்டன்ட் காபித்தூளே போதும்.

120 ஒரு ரோலுக்கு 500 மி.லி. தண்ணீர். நீரற்ற சலவை சோடா 27 கிராமை முதலில் கரையுங்கள். சமையல் சோடா உதவாது. அடுத்து வைட்டமின் சி தூள் 8 கிராம், நுரைத்து அடங்கும். கடைசியாகக் காபித்தூள் 20 கிராம். 20 டிகிரியில் 15 நிமிடம். முதல் நிமிடம் தொடர்ந்தும், பிறகு நிமிடத்துக்கு மூன்று முறையும் டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். வாடை கடுமையாக இருக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிறகு தண்ணீரில் அலசி, படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர். இதற்கு மட்டும் வீட்டுச் சாமானில் நல்ல மாற்று கிடையாது. போகும் ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள். பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி இருக்கிறது, சாக்கடையில் ஊற்றாமல் ஏதாவதொரு லேப்பில் ஒப்படையுங்கள்.

ஓடும் தண்ணீரில் பத்து நிமிடம் அலசி, குளியலறைக் கம்பியில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் வெட்டி உறையில் போட்டுவிட்டால், ஊர் திரும்பும்போது எந்த ஸ்கேனர் வழியாகவும் அதை அனுப்பலாம். கழுவிய நெகட்டிவை எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது.