பின்னால் 'டொக்' என்று தட்டுகிறதா? ஷொக் வாங்குவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு-அக்கரைப்பற்று காபட் வீதியில் வாய் திறக்காமல் வந்த கார், படுவான்கரைப் பக்கம் திரும்பிக் கிரவலில் இறங்கியதும் பின்னாலிருந்து 'டொக், டொக்' என்று தட்டத் தொடங்கும். பதினைந்து, இருபது வருடம் ஓடிய கொரோலா, சன்னி, லான்சர், அல்டோ எல்லாவற்றுக்கும் இது பொது. கராஜுக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதில்: "ஷொக் போயிற்று பாஸ், சோடியா மாத்துவம்." சோடியும் மாறும், காசும் போகும், அடுத்த பள்ளத்தில் அதே 'டொக்'.

சத்தம் எந்த நேரத்தில் வருகிறது என்று தெரியும் வரை ஒரு பாகமும் வாங்கக்கூடாது. பின்வரும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒன்றைச் செய்யாததால் வருபவை.

ஷொக்கை முதல் குற்றவாளியாக்குவது

ஸ்பிரிங் துள்ளுவதை அடக்குவதுதான் ஷொக்கின் வேலை. அது செத்துப்போனால் வண்டி பள்ளம் தாண்டிய பிறகும் ஆடிக்கொண்டிருக்கும், டயர் ஒரே சீராகத் தேயாமல் அலை அலையாகத் தேயும், ஷொக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து அதில் புழுதி அப்பியிருக்கும். மேல்பக்கம் லேசாக எண்ணெய்ப் பூச்சுப்போல் இருப்பது பழுதல்ல. கீழ்வரை ஈரமாக வடிந்திருந்தால்தான் கசிவு. தட்டும் சத்தம் ஷொக்கின் உள்ளேயிருந்தும் வரலாம். ஆனால் அதைவிட அடிக்கடி வருவது ஷொக்கைப் பிடித்திருக்கும் இடத்திலிருந்து: மேல் மவுண்ட் றப்பர் வெடித்திருக்கும், மேல் நட் தளர்ந்திருக்கும், அல்லது கீழ்க் கண்ணிலுள்ள புஷ் (மூட்டில் அடைத்திருக்கும் றப்பர்) தேய்ந்திருக்கும்.

மூலையை அழுத்திவிட்டு எத்தனை தரம் ஆடுகிறது என்று பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம். நன்றாக ஆடினால் ஷொக் கெட்டது என்று சொல்லலாம். ஆடாவிட்டால் நல்லது என்று சொல்ல முடியாது. இதற்குப் பதிலாக, பல கார்களில் டிக்கியின் பக்கத் தட்டையோ பின்சீட்டுக்குப் பின்னாலுள்ள மூடியையோ கழற்றினால் ஷொக்கின் மேல் நட் தெரியும். ஒருவர் வெளியே நின்று அந்த மூலையை ஆட்ட, மற்றவர் நட்டின் மேல் விரலை வைத்திருக்கட்டும். மவுண்ட் போயிருந்தால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விரலில் ஒரு குத்து விழும். காதைவிட விரல் நம்பகமானது, ஏனெனில் இரும்பு உடம்பு சத்தத்தை ஓரிடத்தில் வாங்கி வேறிடத்தில் விடும். இடது சக்கரத்துச் சத்தம் வலப்பக்கம் கேட்பது சாதாரணம்.

டிக்கியை வெறுமையாக்காமல் வண்டிக்குக் கீழே படுப்பது

ஜக், வீல் ஸ்பானர், ஸ்பெயார் டயர் எல்லாவற்றையும் வீட்டில் இறக்கி வைத்துவிட்டு அதே வீதியில் ஒருமுறை ஓடிப் பாருங்கள். ஸ்பெயார் டயரைப் பிடிக்கும் திருகு ஒரு சுற்றுத் தளர்ந்தாலே போதும், அசல் சஸ்பென்ஷன் சத்தம் போலவே தட்டும். பின்சீட்டுக் கொக்கி, டிக்கிப் பூட்டு, சீட் பெல்ட்டின் இரும்பு நாக்கு, சைலன்சரைத் தொங்கவிடும் றப்பர் வளையம் ஆகியவையும் இதே வரிசைதான். சைலன்சர் குளிர்ந்திருக்கும்போது கையால் நாலு பக்கமும் அசைத்துப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். கீழே படுப்பதற்கு முன் வீல் நட்டுகளையும் பார்க்க வேண்டும். டொயோட்டாவின் பெரும்பாலான சிறிய கார்களுக்கு அது 103 நியூட்டன் மீற்றர் இறுக்கம்.

எப்போது தட்டுகிறது என்று பார்க்காமல் விடுவது

இதற்கு அரை மணித்தியாலமும் நண்பர் ஒருவரும் போதும். நண்பரைப் பின்சீட்டில் இருத்துங்கள். டிக்கிக்குள் படுக்கவிட வேண்டாம். ஃபோனில் ஒலிப்பதிவைப் போட்டு, துணியில் சுற்றி, டிக்கியின் இடது மூலையில் ஒருமுறை, வலது மூலையில் ஒருமுறை வைத்து அதே பள்ளத்தை அதே வேகத்தில் தாண்டி, இரண்டையும் ஒப்பிட்டுக் கேளுங்கள்.

முதலில் வேகத்தடை ஒன்றை நேராக, இரண்டு பின்சக்கரமும் ஒன்றாக ஏறும்படி, மெதுவாகக் கடக்க வேண்டும். இறங்கும்போது ஒரே ஒரு கனத்த 'தொம்' வந்தால், ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது தாங்கும் பம்ப் ஸ்டொப் இடிக்கிறது. பழைய கார்களில் அந்தப் பஞ்சு றப்பர் பொடியாகி உதிர்ந்திருக்கும். டிக்கியில் நெல் மூடை ஏற்றும்போது மட்டும் வரும் சத்தம் அநேகமாக இதுவே. அடுத்து ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் பள்ளத்தில் இறக்க வேண்டும். நேராக ஏறும்போது வராத சத்தம் இப்போது வந்தால் ஸ்டெபிலைசர் லிங்க் (திருப்பத்தில் வண்டி சரியாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்புத் துண்டு), திடமான பின்அச்சு உள்ள வண்டியானால் அச்சைக் குறுக்காகப் பிடிக்கும் லெட்டரல் ரொட்டின் புஷ். கிரவலில் சிறு சிறு கற்களுக்கு 'டக டக டக' என்று வேகமாகத் தட்டுவதும் லிங்க் அல்லது ஷொக்கின் மேல் மவுண்ட் பக்கம்தான் கைகாட்டும்.

பள்ளமே இல்லாத இடத்தில், புறப்படும்போதோ பிரேக்கை விடும்போதோ ரிவர்ஸ் போட்டு மீண்டும் முன்னே எடுக்கும்போதோ ஒரு 'டொக்' என்றால் முன்னும் பின்னுமாக இழுபடும் பெரிய புஷ்களைப் பார்க்க வேண்டும். பிரேக் போட்ட முதல் தரம் மட்டும் தட்டி அதன்பின் நின்றுவிட்டால் டிரம்முக்குள் லைனர் நகர்கிறது. இதைப் பிரித்தறிய, ஆளில்லாத காய்ந்த வீதியில் 20 கிலோமீற்றருக்குக் குறைந்த வேகத்தில் ஹேண்ட் பிரேக்கை இரண்டு பல் மட்டும் இழுத்துப் பள்ளத்தைக் கடந்து பாருங்கள். சத்தம் மாறினால் பிரேக் பக்கம். வேகம் கூடக்கூட ஏறும் 'ஊம்' என்ற இரைச்சல் வேறு சங்கதி. அது பெயாரிங்.

ஸ்டெபிலைசர் லிங்க் மேல் சந்தேகம் இருந்தால் ஒரு சதமும் செலவில்லாத சோதனை உண்டு. இரண்டு பக்க லிங்கையும் கழற்றி, கம்பி எதிலும் இடிக்காதபடி கட்டிவிட்டு, அதே பள்ளத்துக்கு மெதுவாகப் போய் வாருங்கள். திருப்பத்தில் வண்டி வழமையைவிடச் சரியும், வேகம் வேண்டாம். சத்தம் நின்றுவிட்டால் ஆள் அகப்பட்டார்.

உங்கள் வண்டியின் பின்பக்கம் எந்த வகை என்று தெரியாமல் தேடுவதும் வீண். பழைய கேஈ70 கொரோலாவில் திடமான அச்சு, நான்கு லிங்க், ஒரு லெட்டரல் ரொட். 110 கொரோலாவில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு குறுக்கு ஆர்ம், ஒரு நீள ஆர்ம், ஒரு ஸ்ட்ரட். அத்தனையின் நுனியிலும் புஷ். 121 இல் அவை எதுவும் இல்லை. இரு பக்கத்தையும் இணைக்கும் ஒரே பீம், அதன் முன்நுனியில் இரண்டு பெரிய புஷ், அவ்வளவுதான். டவுண்ஏஸ், ஹைஏஸ் போன்ற ஸ்பிரிங் பிளேட் வான்களில் ஷக்கிள் (பிளேட்டின் நுனியைத் தொங்கவிடும் துண்டு) புஷ், தளர்ந்த யூ போல்ட், உடைந்த நடு போல்ட் மூன்றையும் பார்த்த பிறகே மற்றது. அவற்றில் பின்அச்சைச் சுழற்றும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் குறுக்கு ஜொயின்டும் புறப்படும்போது இதே மாதிரித் தட்டும்.

சக்கரத்தைத் தொங்கவிட்டுச் சோதிப்பது

பலர் தவறுவது இங்கேதான். ஒரு பக்கத்தை ஜக்கில் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை, எல்லாம் இறுக்கம்" என்பார்கள். தொங்கும் சக்கரத்தில் புஷ் எல்லாம் முறுகி ஒரு பக்கம் ஒட்டியிருக்கும், ஸ்டெபிலைசர் கம்பி லிங்கை இழுத்துப் பிடித்திருக்கும். தட்டுவதற்கான இடைவெளியே அப்போது இருக்காது. சக்கரத்தில் பாரம் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். சேர்விஸ் நிலையத்தின் பிட் அல்லது ராம்ப்தான் சிறந்த இடம். மேலே ஒருவர் வண்டியைப் பக்கவாட்டில் ஆட்ட, கீழே மற்றவர் ஒவ்வொரு மூட்டிலும் கையை வைத்துக்கொண்டே போகலாம். ஸ்பிரிங் சுருளுக்கு இடையில் மட்டும் விரல் போகக்கூடாது.

பிட் இல்லாமல் வீட்டு முற்றத்தில் செய்பவர்களுக்கு: நம் கரையோரத்து முற்றம் மணல். ஜக் நிமிர்ந்து நிற்பதுபோல் தெரியும், பாரம் ஏறியதும் சாயும். ஒரு அடிச் சதுரம், இரண்டு அங்குலத் தடிப்புள்ள பலகையை அடியில் போட்டு, முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் அடை வைத்து, ஸ்டாண்டில் இறக்கிய பிறகே கீழே போக வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிப் போகக்கூடாது. வீடு கட்டும் சீமெந்து புளொக் கல்லை ஸ்டாண்டாக வைக்கவே கூடாது. அது எச்சரிக்காமல் ஒரே நொடியில் நொறுங்கும்.

நல்ல புஷ்ஷைக் கெட்டது என்பதும், கெட்டதை நல்லது என்பதும்

டயர் லீவரைக் கொடுத்து நெம்பினால் புதிய புஷ் கூடச் சில மில்லிமீற்றர் அசையும். றப்பர் அசைவதற்காகவே இருக்கிறது. நீங்கள் தேடுவது வேறு: றப்பர் இரும்புக் கோப்பையிலிருந்து பிரிந்திருப்பது, நடுக்குழாய் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது, இரும்பும் இரும்பும் உரசிய பளபளப்பு, போல்ட் தலையைச் சுற்றிச் செந்நிறத் துருத்தூள். அந்தத் தூள் இருந்தால் அந்த போல்ட் நகர்கிறது என்று அர்த்தம். பல வேளைகளில் புஷ்ஷுக்குப் பழுதே இருக்காது, போல்ட்டை இறுக்கினால் போதும்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஓடும் வண்டிகளில் இன்னொன்றை மறக்காமல் பாருங்கள்: கொயில் ஸ்பிரிங்கின் கடைசிக் கீழ்ச்சுற்று. மாரி மழையின் சேறும் உப்பும் ஸ்பிரிங் தட்டில் தங்கி அந்தச் சுற்றைத் தின்னும். உடைந்த துண்டு தட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் வெளியே தெரியாது. தண்ணீரடித்துக் கழுவி, டோர்ச் வெளிச்சத்தில் சுருளின் நுனி வெட்டியதுபோல் இருக்கிறதா, கூராக முறிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால் சந்தேகம் தீரும்.

சத்தத்தை நிறுத்த கிரீஸ், டீசல், பழைய எஞ்சின் எண்ணெய் அடிப்பது வேண்டாம். சாதாரண றப்பர் அதில் ஊதி மென்மையாகி விரைவில் கிழியும். லேத்தில் கடைந்த நைலோன் புஷ் பற்றியும் கேட்பார்கள். ஸ்பிரிங் பிளேட்டின் ஷக்கிளுக்கு அது பரவாயில்லை. 121 இன் பீம் புஷ் போலப் பல திசையில் முறுக வேண்டிய இடத்துக்கு அது தவறு. முறுகாத புஷ் தட்டலை நேரே உடம்புக்குக் கொடுக்கும், பிராக்கெட்டையும் வெடிக்க வைக்கும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய புஷ்ஷை வாங்குவதும் வீண்செலவு, அதன் றப்பரும் உங்களுடையதைப் போலவே வயதானது.

பொருத்தும்போது புதுச் சத்தம் உண்டாக்குவது

சரியான பாகத்தைக் கண்டுபிடித்த பிறகும் காரியம் கெடுவது இங்கே. வண்டி தூக்கியபடியே இருக்க, புஷ் போல்ட்டுகளை முழுதாக இறுக்கிவிட்டால், இறக்கும்போது றப்பர் முறுகிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும்; சில மாதத்தில் கிழியும். போல்ட்டைக் கையிறுக்கத்தில் விட்டு, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, இரண்டு மூன்று தரம் அழுத்திவிட்டு, அந்த உயரத்தில் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். பீம் புஷ்ஷில் வெற்றிடம் உள்ள பக்கத்தைப் பழையது இருந்த திசையிலேயே வைக்க வேண்டும். அதனால் கழற்றுமுன் ஒரு படம் எடுங்கள். டோ (சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) சரிசெய்யும் கேம் போல்ட் உள்ள வண்டியில் அதன் நிலையைப் பெயின்ட்டால் குறித்துவிட்டுக் கழற்றி, முடிந்ததும் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

இறுகிப்போன போல்ட்டுக்கு முதல் நாள் இரவே துருநீக்கும் எண்ணெய் விட்டு வைக்கலாம். பெற்றோல் டாங்கிக்குப் பக்கத்தில் காஸ் சுடர் பிடிக்கவே கூடாது.

ஷொக் மாற்றத்தான் வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். பொருத்துமுன் அதை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தரம் முழுதாக இழுத்து அழுத்தினால் உள்ளே புகுந்த காற்று வெளியேறும். செய்யாவிட்டால் புது ஷொக்கே தட்டும். பளபளக்கும் தண்டைக் குறட்டால் பிடிக்கக்கூடாது, ஒரு கீறல் போதும், சீல் அறுந்து எண்ணெய் வடியும். பழைய மேல் மவுண்டையும் பம்ப் ஸ்டொப்பையும் மீண்டும் போடுவது சேமிப்பல்ல. வொஷர்கள் எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில் போக வேண்டும். ஸ்பிரிங் நுனி, தட்டிலுள்ள படியில் முட்டி உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

முடித்த வண்டியை முதலில் தட்டிய அதே பள்ளத்தில், அதே வேகத்தில், அதே ஃபோனை வைத்து ஓட்டிப் பதிவை ஒப்பிடுங்கள். ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஓடியபின் கழற்றிய ஒவ்வொரு நட்டையும் வீல் நட்டுகளையும் ஸ்பானர் வைத்துப் பாருங்கள். வானில் யூ போல்ட் மாற்றியிருந்தால் 500 கிலோமீற்றரில் அதை மீண்டும் ஒருமுறை இறுக்க வேண்டும்.