கல்லைப் போடுவதற்கு முந்தைய இரண்டு நாள்

கல் உடைக்கும் கிரஷரை ஏற்றிக்கொண்டு டிரெய்லர் வந்து நின்ற அரை மணி நேரத்தில் முதலாளி கேட்கும் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான். கரூர் மாவட்டம் க.பரமத்தி பக்கம் என்றால், "ஏனுங்க, இன்னைக்கே கல்லைப் போட்டுரலாங்களா?" கடன் தவணை ஓடுகிறது, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அதைப் பூட்டி ஓட்டிக் கொடுக்க வரும் நான் இரண்டு நாள் கேட்பேன். கல்லை முதலில் உடைக்கும், செயினில் நகரும் ஜா கிரஷர், அதை மேலும் சிறிதாக்கும் கோன், ஜல்லியை அளவு வாரியாகப் பிரிக்கும் மூன்றடுக்கு ஸ்கிரீன் என்று ஒரு செட் வந்தால் அதற்குக் குறைந்து முடியாது.

முதல் வேலை தரை. செயின் வண்டிதானே, எங்கே நிறுத்தினாலும் நிற்கும் என்பார்கள். நிற்கும். ஆனால் ஸ்கிரீன் சாய்ந்து நின்றால் ஜல்லி முழுக்க ஒரே ஓரமாக ஓடும்; அந்த ஓரத்து மெஷ் கிழியும், மறு பாதி சும்மா ஆடிக்கொண்டிருக்கும், கீழே பெல்ட்டும் ஒரு பக்கம் இழுக்கும். அதனால் மேல்மண்ணை வழித்துவிட்டு, ஜல்லியும் டஸ்ட்டும் கலந்து கொட்டி, தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டச் சொல்வேன். வண்டி நின்றதும் சேஸிஸ் மேல் ரசமட்டம், குறுக்கே டியூப் லெவல்; கொத்தனார் வைத்திருக்கும் அதே தண்ணீர் டியூப்தான். நீளவாட்டில் கொஞ்சம் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்வேன், குறுக்குவாட்டில் விடமாட்டேன்.

காற்றையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று ஆனி, ஆடியில் இந்தப் பக்கம் ஆளையே தள்ளும். என்ஜின் மேற்கே, தூசு கிளப்பும் பெல்ட் முனைகள் கிழக்கே இருக்கும்படி நிறுத்துவேன். மாற்றி நிறுத்தினால் தன் தூசியைத் தானே குடித்து, ரேடியேட்டர் அடைத்து, மத்தியானத்துக்குள் என்ஜின் சூடேறி நின்றுவிடும். ஹிட்டாச்சி நிற்க ஒரு மேடும் கட்டிவிடுங்கள். கல் கொட்டும் தொட்டியான ஹாப்பருக்குள் டிரைவர் மேலிருந்து எட்டிப் பார்க்க முடிய வேண்டும்.

டிரெய்லரிலிருந்து இறக்கும்போது மேலே கரண்டு கம்பி இருக்கிறதா என்று பார்ப்பது, பத்தடிக்குள் ஆளை விடாதது, இந்த இரண்டும் போதும். அப்புறம் ஹாப்பர் பக்கத் தகடுகளையும் கன்வேயர்களையும் விரிக்க வேண்டும். ஹைட்ராலிக் தூக்கி நிறுத்தியதை நம்பி அடியில் போகாதீர்கள். பின் மாட்டி, ஆப்பு அடித்த பிறகுதான் போக வேண்டும்.

இங்கே ஒரு அவமானத்தைச் சொல்லியாக வேண்டும். ஸ்கிரீன் பெட்டி ரோட்டில் ஆடாமலிருக்க நான்கு மூலையிலும் பட்டைகள் போட்டு போல்ட் பண்ணி அனுப்புவார்கள். நான் தனியாகப் போன இரண்டாவது வேலையில் மூன்றைக் கழற்றிவிட்டு நான்காவதை மறந்துவிட்டேன். ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்தில் பக்கத் தகட்டில் விரிசல். அன்றிலிருந்து நான்கு பட்டையும் என் டூல் பெட்டிக்குள் வந்து விழுந்த பிறகுதான் என்ஜின் சாவியைத் தொடுவேன்.

ஆயில், கூலன்ட், கிரீஸ், வி-பெல்ட் விறைப்பு எல்லாம் பார்த்தாயிற்றா? இனி வெறுமனே ஓட்டலாம். ஜல்லி போகும் கடைசி பெல்ட்டிலிருந்து பின்னோக்கி வர வேண்டும்: ஸ்டாக் பெல்ட், ஸ்கிரீன், கோன், ஜா, கடைசியாக ஜாவுக்குக் கல்லைத் தள்ளும் ஃபீடர். நிறுத்தும்போது ஃபீடர் முதலில். பெல்ட் ஒரு பக்கம் ஓடினால், எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்து டெயில் டிரம் (பெல்ட்டின் பின்முனை உருளை) போல்ட்டைக் கால் சுற்று இறுக்கி, பெல்ட் நாலைந்து சுற்று வரும்வரை காத்திருங்கள். அவசரக்காரன் ஐந்து நிமிடத்தில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்கி வைத்துவிடுவான்.

ஸ்கிரீனுக்கு என்னிடம் ஒரு பழைய வழி உண்டு. பக்கத் தகட்டில் தாள் ஒட்டி, ஓடும்போது ஆடாமல் பென்சிலை லேசாகத் தொட்டால், வட்டமோ முட்டை வடிவமோ தானே வரையும். நான்கு மூலையிலும் எடுத்து இடதையும் வலதையும் ஒப்பிடுவேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஸ்பிரிங்கோ தரையோ சரியில்லை. இரண்டு மணி நேரம் இப்படி ஓடவிட்டு பேரிங் சூட்டை அளப்பேன். வெறும் ஓட்டத்திலேயே 75 டிகிரியைத் தாண்டினால் நிறுத்திவிட்டுக் காரணம் தேடுவேன்.

அடுத்தது வாய் இடைவெளி, அதாவது உடைந்த கல் வெளியேறும் அடிப்பக்கத்து இடைவெளி. ஜாவில் பல் முனைக்கு முனை அளப்பதா, முனைக்கும் எதிர்ப் பள்ளத்துக்கும் அளப்பதா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், புத்தகத்தைப் பாருங்கள். கோனுக்கு ஈயக்கட்டியைக் கம்பியில் கட்டி, வெறுமனே ஓடும்போது உள்ளே இறக்கி எடுத்து, நசுங்கிய கனத்தை அளக்க வேண்டும். ஒரே இடத்தில் அளந்தால் போதாது, சுற்றிலும் மூன்று நான்கு இடம்.

இரண்டாம் நாள் மத்தியானம் கல். ஜாவின் மேல் வாயில் இரண்டு பிளேட்டுக்கும் இடையே உள்ள அகலத்தில் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட கல்லை ஒதுக்கிவிடுங்கள். கோனுக்கு நேர்மாறான குணம், எப்போதும் வாய் நிறைய வேண்டும்; அரைகுறையாகத் தீனி போட்டால் ஜல்லி தட்டையாக வரும், லைனரும் (உள்ளே தேய்மானம் தாங்கும் தகடு) ஒரு பக்கம் தேயும். ஜாவில் கல் மாட்டினால் என்ஜினை அணைத்து, ஃப்ளைவீல் முழுக்க நின்ற பிறகுதான் கிட்டே போக வேண்டும். அந்த நேரத்தில் சாவி என் சட்டைப் பையில் இருக்கும், முதலாளி கேட்டாலும் தரமாட்டேன்.

தண்ணீர் ஸ்பிரேயை 'அப்புறம் மாட்டிக்கலாம்' என்று தள்ளாதீர்கள். இயந்திரத்திலிருந்து 3 முதல் 10 மீட்டருக்குள் அளந்தால் காற்றில் மிதக்கும் தூசு கன மீட்டருக்கு 600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை நிறுவ ஒன்று, இயக்க ஒன்று. இரண்டும் கையில் இல்லாமல் கல் போடச் சொன்னால் நான் ஊருக்குக் கிளம்பிவிடுவேன்.

முதல் நாலு மணி நேரக் கல்லுக்குப் பிறகு நிறுத்தி, ஜா பிளேட் ஆப்பு போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். அடி வாங்கி பிளேட் உட்கார்ந்திருக்கும், சில போல்ட் அரைச் சுற்றுகூட வாங்கும். சாயங்காலம் வி-பெல்ட். மறுநாள் காலை திரும்பவும் ரசமட்டம், ஏனென்றால் ராத்திரியில் தரையும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும்.