டொனாட்டிஸ்ட் பிளவின் வன்முறையை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருச்சபை வரலாறு எழுத வரும் இளைஞர்களின் கட்டுரைகளைப் பல வருடங்களாகத் திருத்துகிறேன். வட ஆப்பிரிக்காவின் டொனாட்டிஸ்ட் பிளவு, அதாவது துன்புறுத்தலின்போது வேதநூல்களை ஒப்படைத்தவர்களை ஏற்க மறுத்து நான்காம் நூற்றாண்டில் ஒரு பிரிவினர் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த கதை, என்று வந்துவிட்டால், நான் ஒரு காலத்தில் சறுக்கிய அதே இடங்களில் அவர்களும் சறுக்குகிறார்கள். ஆண்டுக் குழப்பம், எழுத்துப்பிழை போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கதையை நடுவில் தொடங்குவது

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். பகாய் என்ற ஊரின் கத்தோலிக்க ஆயர் மாக்சிமியானுஸ். சுமார் 404-ல் டொனாட்டிஸ்டுகள் அவரை உடைந்த பீடத்தின் கட்டைகளால் அடித்து, கத்தியால் குத்தி, இரவில் ஒரு கோபுரத்திலிருந்து தள்ளிவிட்டார்கள். கீழே எருக்குவியல் இருந்ததால் பிழைத்தார். தழும்புகளோடு இத்தாலிக்குப் போய்ப் பேரரசர் ஹொனோரியுஸிடம் முறையிட்டார். 405-ல் டொனாட்டிஸ்டுகளுக்கு எதிராகக் கடும் சட்டம் வந்தது. படிப்பவர் மனத்தை உலுக்கும் சம்பவம் என்பதால் எல்லோரும் இங்கிருந்தே தொடங்குகிறார்கள்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு வருடம் உழைத்து எழுதிய கட்டுரையை ஒரு கருத்தரங்கில் வாசித்து முடித்ததும், வயதான குருவானவர் ஒருவர் எழுந்தார். "தம்பி, அதே பகாயில் 347-ல் நடந்தது எங்கே?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. முழுக் கட்டுரையையும் மறுபடி எழுத வேண்டியிருந்தது.

347-ல் பேரரசர் கான்ஸ்டன்ஸ் அனுப்பிய பவுல், மக்காரியுஸ் என்ற அதிகாரிகள், பிளவுபட்ட திருச்சபையை ஒன்றுசேர்க்க, உதவிப் பணத்தோடு வந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் படைவீரர்கள் இறங்கினார்கள். பகாயின் டொனாட்டிஸ்ட் ஆயர் டொனாட்டுஸ் கொல்லப்பட்டார். மார்க்குலுஸ் என்ற இன்னொரு ஆயர் கைதியாக மலைமுகட்டுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கிருந்து விழுந்து இறந்தார். வீரர்கள் தள்ளினார்கள் என்றது அவர் தரப்பு. தானே குதித்திருப்பார் என்றது எதிர்த் தரப்பு. அரை நூற்றாண்டு கழிந்தும் 'மக்காரியுஸ் காலம்' என்ற பேச்சு டொனாட்டிஸ்டுகளிடையே ஓயவில்லை.

இதை விட்டுவிட்டு எழுதினால் 404 காரணமே இல்லாத வெறியாகத் தெரியும். அதற்காக, மாக்சிமியானுஸுக்கு நேர்ந்ததை நியாயப்படுத்த 347-ஐ இழுத்து வராதீர்கள். அதுவும் எனக்குப் பொறுக்காது.

இரண்டு டொனாட்டுஸை ஒருவராக்குவது

347-ல் கொல்லப்பட்ட பகாய்க்காரர் வேறு, இயக்கத்துக்கே பெயர் தந்த கார்த்தேஜ் ஆயர் வேறு.

ஆரியுஸ் சர்ச்சையோடு குழப்புவது

ஆரியுஸ் சர்ச்சை கிறிஸ்து முழுமையான கடவுளா என்பது பற்றியது. இங்கே கிறிஸ்து யார் என்பதில் சண்டை இல்லை. 303-ல் தொடங்கிய துன்புறுத்தலில் வேதநூல்களை ஒப்படைத்தவர்கள் கைவைத்துத் தந்த ஆயர் பட்டம் செல்லுமா என்பதுதான் சண்டை.

அகுஸ்தினாரைப் பாதி மட்டும் காட்டுவது

டொனாட்டிஸ்டுகளை அரசு வற்புறுத்திக் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ப்பது சரி என்று ஹிப்போ நகரின் கத்தோலிக்க ஆயரான அவர் வாதாடினார். சரி, அதைக் கட்டாயம் எழுதுங்கள். அப்புறம் இதையும் எழுதுங்கள்: அவருடைய பகுதியில் டொனாட்டிஸ்ட் தரப்பினரால் ரெஸ்டிட்டூட்டுஸ் என்ற குரு கொல்லப்பட்டார், இன்னொசென்டியுஸ் என்ற குருவின் கண்ணைப் பிடுங்கி, விரலை வெட்டினார்கள். குற்றவாளிகள் ஒப்புக்கொண்ட பிறகு அகுஸ்தினார் அதிகாரி மார்செல்லினுஸுக்குக் கடிதம் எழுதினார். அவர்களைக் கொல்லவும் வேண்டாம், பதிலுக்குப் பதில் அங்கஹீனம் செய்யவும் வேண்டாம் என்று அதில் கெஞ்சியிருந்தார்.