ஒரு கேலக்ஸியின் தூரத்தை நீங்களே கணக்கிடுவது எப்படி?

இதற்குச் சொந்தமாகத் தொலைநோக்கி தேவையில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள 2.5 மீட்டர் தொலைநோக்கியை வைத்து ஸ்லோன் ஆய்வுக் குழு 2000இலிருந்து சேகரித்த லட்சக்கணக்கான நிறமாலைகள் (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடங்கள்) ஸ்கைசர்வர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இவ்வளவு பெரிய புதையல் எல்லாருக்கும் திறந்து கிடப்பது உண்மையிலேயே பெரிய விஷயம்.

நீல நிறச் சுருள் கேலக்ஸி ஒன்றின் நிறமாலையைத் திறங்கள். சிவப்புப் பக்கத்தில் ஒரு கோடு ஊசி மாதிரி உயர்ந்து நிற்கும், பெரும்பாலும் அது ஹைட்ரஜன் ஆல்ஃபா, அதாவது ஹைட்ரஜன் வாயு வெளியிடும் சிவப்பு ஒளிக்கோடு. அவசரப்படாமல் பெரிதாக்கிப் பாருங்கள், இரு பக்கமும் நைட்ரஜனின் சின்னக் கோடுகள் ஒட்டி நின்றால் அதேதான்.

இந்தக் கோட்டின் இயல்பான இடம் 6565 ஆங்ஸ்ட்ராம் (இது அலைநீளத்தின் அலகு; புத்தகங்களில் வரும் 6563 காற்றில் அளந்தது, ஸ்லோன் தருவது வெற்றிட அளவு). உங்கள் வரைபடத்தில் அது 6893இல் இருந்தால், வித்தியாசமான 328ஐ 6565ஆல் வகுங்கள். வருவது 0.05, இதுதான் செந்நகர்வு, அதாவது பிரபஞ்சம் விரிவதால் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவு. ஒளியின் வேகத்தால் (நொடிக்கு 3 லட்சம் கி.மீ.) பெருக்கினால் கேலக்ஸி விலகிச் செல்லும் வேகம் நொடிக்கு 15,000 கி.மீ., அதை ஹபிள் மாறிலி 70ஆல் (ஒவ்வொரு மெகாபார்செக் தூரத்துக்கும் இந்த வேகம் நொடிக்கு 70 கி.மீ. கூடும்) வகுத்தால் சுமார் 214 மெகாபார்செக், அதாவது ஏறக்குறைய 70 கோடி ஒளியாண்டு! செந்நகர்வு 0.1ஐத் தாண்டினால் இந்த எளிய கணக்கு பிசகும்.

அப்புறம் ஒரு செந்நிற நீள்வட்டக் கேலக்ஸியையும் பாருங்கள். பெரும்பாலும் அந்த ஊசி இருக்காது, கால்சியம், சோடியம் பள்ளங்கள்தான் தெரியும், ஏனென்றால் வாயுவை ஒளிரவைக்கும் இளம் சூடான நட்சத்திரங்கள் அங்கே மிகக் குறைவு. நைட்ரஜன் கோடு ஹைட்ரஜனுக்குச் சமமாக உயர்ந்திருந்தால் மட்டும் தனியாகக் குறித்து வையுங்கள், அது நடுவிலுள்ள கருந்துளையின் வேலையாக இருக்கலாம்.