பிறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்குங்கள்: வெளிநாட்டுப் படிப்புக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தரப் பெறுபேறு வந்ததும் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் நம் பிள்ளைகள் முதலில் ஓடுவது ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சைக்கான வகுப்புக்கு, இல்லாவிட்டால் ஏஜென்ட்டிடம். அதற்கு முன்னால் வீட்டுப் பெட்டியைத் திறந்து பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பலருக்குப் பெயர், பதிந்தவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் இருக்கும். அப்பா பெயர் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் இன்னொரு மாதிரி. ஊருக்குள் இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. வீசா அதிகாரி எடுப்பார்.

என் அக்கா மகன் இங்கிலாந்துக்கு விண்ணப்பித்தபோது பணம் அப்பாவின் கணக்கில் இருந்தது. பெற்றோர் பணத்தைக் காட்டலாம், தவறில்லை. ஆனால் இவர்தான் அப்பா என்று பிறப்புச் சான்றிதழ் சொல்ல வேண்டும். சான்றிதழில் ‘காளிமுத்து’ மட்டும். வங்கிப் புத்தகத்தில் ‘செல்லையா காளிமுத்து’. அத்தான் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் எழுத்தெழுத்தாகத் தொட்டுப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அது அவர் செய்த பிழை இல்லை. ஆனாலும் எல்லாம் சரியாகி வருவதற்குள் செப்டெம்பர் வகுப்பு தொடங்கிவிட்டது. பிள்ளை ஜனவரி வரை காத்திருந்தான்.

ஆகவே கடவுச்சீட்டு எடுப்பதற்கு முன்பே பெயர்களை ஒன்றாக்குங்கள். பதிவைத் திருத்தப் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கலாம். சத்தியக் கடதாசி ஒன்று முடித்துக் கொடுத்தால் போதும் என்று ஊரில் சொல்வார்கள். எல்லா இடத்திலும் அது எடுபடாது. இன்னொன்று, நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பா பெயரைத்தான் முன்னால் போடுகிறோம். அதனால் கடவுச்சீட்டில் எது ‘சர்நேம்’ என்று அச்சாகியிருக்கிறதோ, அதையே ஐஈஎல்டிஎஸ், பல்கலைக்கழக விண்ணப்பம், வீசா எல்லாவற்றிலும் அதே இடத்தில் எழுதுங்கள். சான்றிதழை ஆங்கிலத்தில் மாற்ற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது கடவுச்சீட்டின் நகலையும் கையில் கொடுங்கள். இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துகளில் நாலாவது பெயர் ஒன்று முளைத்துவிடும்.

அடுத்தது பணம். பிரித்தானிய மாணவர் வீசாவுக்கு முதலாண்டுக் கட்டணத்தின் மிச்சமும், 9 மாதம் வரையான வாழ்க்கைச் செலவும் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான். நம் வீடுகளில் பணம் சீட்டிலிருந்து வரும், அடகு வைத்த நகையிலிருந்து வரும், கொழும்பில் கடையில் நிற்கும் மாமாவிடமிருந்து வரும். தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குக் காணி உறுதிப் பத்திரம் இல்லாததால் அதை ஈடு வைத்துக் கடன் எடுக்கவும் வழியில்லை. இப்படிச் சேர்த்த பணத்தை ஒரே நாளில் கொண்டுபோய்ப் போட்டால், எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரலாம். ஒவ்வொரு தொகைக்கும் ரசீதுத் துண்டு வைத்திருங்கள். மாமாவின் கணக்கை அப்படியே காட்ட முடியாது. பணம் பிள்ளையின் அல்லது பெற்றோரின் கணக்குக்கு வர வேண்டும். திருவிழா வந்தாலும் சாவு வீடு வந்தாலும் அந்த 28 நாளும் அதில் கை வைக்க வேண்டாம்.

முதலாண்டுக்கு மட்டும் கணக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தைப் பகுதிநேர வேலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புவதுதான் எனக்கு மிகவும் பயம் தருகிறது. பிரித்தானியாவில் பட்டப்படிப்பு மாணவர் தவணை நாட்களில் வாரத்துக்கு 20 மணிநேரம்தான் வேலை செய்யலாம். ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணிநேரம். அது சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கைகொடுக்கும், கட்டணத்துக்கு எட்டாது. ரூபாயையும் நம்ப முடியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயளவுக்குப் போனது. அப்போது வெளிநாட்டில் பிள்ளை படித்த வீடுகளில் கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பானது.

ஏஜென்ட்டிடம் போவது தவறில்லை. ஆனால் அவருக்குப் பெரும்பாலும் கமிஷன் தருவது பல்கலைக்கழகம் என்பதால், தனக்குக் கமிஷன் வரும் இடத்தைத்தான் முதலில் சொல்வார். விண்ணப்பத்துக்கு உங்கள் சொந்த மின்னஞ்சலையே கொடுங்கள், கடவுச்சொல் உங்களிடமே இருக்கட்டும். கட்டணத்தை நேரே பல்கலைக்கழகத்துக்குச் செலுத்துங்கள். இடம் தருகிறோம் என்று பல்கலைக்கழகம் அனுப்பும் ஆஃபர் லெட்டர் வந்ததும் வீசாவே வந்தது போல ஊருக்குச் சொல்லி, வேலையை விட்டுவிடாதீர்கள்.

மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன், அந்தக் கல்லூரி இலங்கை மருத்துவ சபையின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், திரும்பி வந்து இங்கே மருத்துவராகப் பதிய, வெளிநாட்டில் படித்தவர்களுக்கான ஈஆர்பிஎம் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். மற்றப் பட்டங்களுக்கு அங்கீகாரம் உண்டா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். அப்புறம், இலங்கை மாணவர்களுக்கு இந்திய அரசு தரும் பட்டப்படிப்புப் புலமைப்பரிசில்களுக்கு நம் பிள்ளைகள் பலர் விண்ணப்பமே போடாமல் விடுகிறார்கள். கண்டியிலேயே இந்திய உதவித் தூதரகம் இருக்கிறது, போய்க் கேட்கலாம்.

தோட்டத்துக்கு வரும் கடிதம் ஆபீஸ் போய், அங்கே கிடந்து, அப்புறம்தான் லயத்துக்கு வரும். கூரியருக்கு டவுனில் இருக்கும் உறவினர் முகவரியைக் கொடுங்கள்.

கடைசியாக, பெட்டி. அம்மாக்கள் மிளகாய்த்தூளும் மாசிக் கருவாடும் தேயிலைத்தூளும் கட்டித் தருவார்கள். வேண்டாம் என்று மனதை நோகடிக்க வேண்டாம். ஆனால் ஆஸ்திரேலியா போகிறவர்கள் விமானத்தில் தரும் படிவத்தில் உணவுப் பொருள் இருக்கிறது என்று கட்டாயம் எழுதுங்கள், மறைத்தால் அபராதம். மூலச் சான்றிதழ்களை மட்டும் அந்தப் பெரிய பெட்டிக்குள் போடாதீர்கள். தோளில் மாட்டும் பையில், கடவுச்சீட்டோடு சேர்த்து, அந்தப் பிறப்புச் சான்றிதழும் இருக்கட்டும்.